நம்ம தெருவில் மட்டும்

கிதிர் முகம்மதின் குரலைக் கேட்காதவர் தென்காசியில் குறைவு. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லியாக, தோளில் ஒரு துண்டோடு, எதிரே வருபவருக்கு வழிவிட்டு ஓரமாக நடந்துபோவான். லோடு ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்தானென்றால், அடுப்படியில் இருப்பவர்கூட வாசலுக்கு வந்துவிடுவார். அந்த ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் என்னுடையவை. இந்த ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன், பெயர் தாணு. அரசியல்காரர், ஜவுளிக்கடைக்காரர், கோயில் கமிட்டிக்காரர் என்று எல்லாருடைய கத்தலையும் கேட்டுக் கேட்டு என் காது பாதி போய்விட்டது. கத்தாமலே ஜனங்களைக் கேட்கவைத்தவன் அவன் ஒருத்தன்தான்.

அப்படிப்பட்டவன் ஒரு தெருவில் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டான். அவனுடைய அக்கா ஹாஜரா பீவி போன ஆவணியில் இறந்துபோனார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். அக்காதான் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றி அவனை வளர்த்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் சவூதியில் தம்மாமுக்கு டிரைவர் வேலைக்குப் போனான். அங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், இப்படியே ஊமையாகிவிடுவோமோ என்று பயந்து திரும்பி வந்துவிட்டதாகச் சொல்வான். வந்தவன் என் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஆடித் தள்ளுபடிக்குப் பேசவேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மைக்கை இவனிடம் கொடுத்தேன். மறுநாளே வயர் சுற்ற வேறு ஆள் தேடவேண்டியதாயிற்று.

டெங்கு பரவிய வருஷம் சுகாதாரத் துறையில் அவனைக் கூப்பிட்டார்கள். கொடுத்த தாளில் 'கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களைக் கண்டறிந்து அகற்றுவீர்' என்று இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "கொல்லையில கெடக்க சிரட்டையக் கவுத்திப் போடுங்க ஆச்சி, ஆட்டுரல்ல தண்ணி நிக்கு பாருங்க" என்று பேசிக்கொண்டே போனான். செங்கோட்டைப் பக்கம் போனால் நாலு மலையாள வார்த்தையைக் கலந்துகொள்வான். குற்றாலத்தில் சீசன் கூட்டத்திடம் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், குளிக்க வந்தவர்களின் சந்தோஷம் கெடாமல், "குளிச்சுட்டு நல்ல பசியோட வருவிய, கண்ட தண்ணியையும் குடிச்சிராதிய" என்பான். மேலகரத்தில் காது கேட்காத தையல்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், கொசுவையும் தண்ணீர்த் தொட்டியையும் கையால் காட்டிவிட்டு வருவான். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தொட்டியை மூடுவார்.

அவனுடைய குறையும் இதிலேதான் இருந்தது. யார் முகமும் சுருங்கிவிடக் கூடாது அவனுக்கு. ஒரு கல்யாணத்தில் பந்தி தாமதமாகும் என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். இவன், "வந்திருக்கும் சொந்தங்கள் சற்றே இளைப்பாறுங்கள்" என்று சொல்லிவிட்டான். ஜனம் இளைப்பாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாருக்கும் பசி வந்து, மைக்செட்காரன் என்று என்னைப் பிடித்துத் திட்டினார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, சாரல் தொடங்கிய சமயம், ஷமீம் பானு என்ற நர்ஸ் என் கடைக்கு வந்தார். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்துகிறார்கள். இந்த அறிவிப்பு ஒரு பெண்ணின் குரலில் இருந்தால்தான் நல்லது என்று அவரே பேசிப் பதிவு செய்தார். "முப்பது வயது தாண்டிய பெண்களே, உங்கள் மார்பகத்தில் கட்டி தென்படுகிறதா? வலி இல்லாத கட்டியாக இருந்தாலும் வந்து காட்டுங்கள்" என்று ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப அழித்துவிட்டுப் பேசினார். "வலி இல்லாத கட்டிங்கிறத இன்னும் அழுத்திச் சொல்லணும் அண்ணாச்சி. வலிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்துருதாவ. அதுக்குள்ள காரியம் மிஞ்சிப்போவுது" என்றார்.

எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கும் நெஞ்சு என்றுதான் பேர். நெஞ்சில் வலி என்றால் எது என்று டாக்டர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெண் தயங்காமல் பேசியதைப் பார்த்ததும், சரி, இதுவும் உடம்பில் ஒரு இடம்தானே என்று தோன்றியது. பென்டிரைவில் ஏற்றி கிதிர் முகம்மதிடம் கொடுத்தேன். இந்த ஒருமுறை அவன் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை, வண்டியை ஓட்டினால் போதும்.

சாயங்காலம் திரும்பி வந்தான். எப்படிப் போனது என்று கேட்டேன்.

"இலஞ்சி, மேலகரம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஜோரா ஓடிச்சு அண்ணாச்சி. நம்ம தெருவுல மட்டும் பென்டிரைவ நிறுத்திட்டு நானே பேசிட்டேன்."

"ஏம்ல?"

"அங்கன அக்கா இருக்கா, அக்கா மருமவ இருக்கா. ஆம்பளைய எல்லாம் தொழுதுட்டு அப்பந்தான் வெளிய வாராவ. நம்ம வண்டியில அந்த வார்த்தைய எப்படி விட? பெண்கள் நல முகாம், தாய்மார்கள் எல்லாரும் வாங்கன்னு சொல்லிட்டேன். புரிஞ்சுக்கிடுவாவ."

"பின்ன அந்தப் பொண்ணு தொண்டை வறளப் பேசிட்டுப் போனது எதுக்குலே?" என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தத் தெருவில் யாரும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று தடுக்கவில்லை. முகாமுக்கு பெஞ்சும் தண்ணீர்க் கேனும் கொடுத்தது அங்கிருந்த ஜமாத்தார்தான். அவனாகவே வெட்கப்பட்டுக்கொண்டான், தெருவுக்கும் சேர்த்து. எங்கள் தெருவாக இருந்து, அங்கே என் தங்கச்சி இருந்திருந்தால் நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. 'தாய்மார்களே வாங்க' என்பது அந்தத் தெருவுக்குப் பழகிய அழைப்பு. போலியோ சொட்டு மருந்துக்கும் பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் அவன் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுப் பழக்கி வைத்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் அங்குள்ளவர்களுக்கு இடுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஹாஜரா பீவி அன்றைக்கு வாசல் பக்கம் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாராம். மகன் ரிஃபாத் ஷார்ஜாவில் இருக்கிறான், வீட்டில் மருமகள் ஜுஹைனாவும் பேரனும்தான் துணை. தம்பியின் குரல் கேட்டதும் மருமகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, மாமா கூப்பிடுதான். பிள்ளைக்கு ஊசி எதுவும் பாக்கி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாம் போட்டாயிற்று என்று அவள் சொன்னதும், "அப்ப நமக்கில்ல" என்று வேலையைப் பார்த்திருக்கிறார். இதை ஜுஹைனாவே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்தச் சமயத்தில் ஹாஜரா பீவியின் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வலி எதுவும் இல்லாததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற தெருக்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். இந்தத் தெருவிலிருந்து கைக்குழந்தையோடு இரண்டு பேர் வந்து, விஷயம் தெரிந்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டார்களாம்.

அடுத்த வருஷச் சாரலும் போனது. அதற்கப்புறம் ஒருநாள் துணி துவைக்கும்போது மாமியாரின் ஜாக்கெட்டில் கறையைப் பார்த்து ஜுஹைனா கேட்டிருக்கிறாள். முதலில் மழுப்பிய ஹாஜரா பீவி, அவள் விடாமல் கேட்கவும் காட்டினார். அதைப் பார்த்த ஜுஹைனா பயந்துபோய் ஷார்ஜாவுக்கு போன் போட்டு அழுதாள். கிதிர் முகம்மதுதான் அக்காவைத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நோய் நுரையீரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பிழைக்க நல்ல வழி இருந்தது என்றும் அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போகாமல் என் கடைக்கு வந்தான். ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் கூப்பிட்டு அக்கா எதுக்குமே வராம இருந்ததில்ல அண்ணாச்சி. அந்த வார்த்தையச் சொல்லியிருந்தா வந்திருப்பா."

"அழுது என்ன செய்ய? போய் அவங்ககிட்டச் சொல்லு. மாத்திப் பேசினேன்னு உள்ளதைச் சொல்லு."

"எப்படிச் சொல்ல?"

"வாயாலதான். ஊரெல்லாம் அதைத்தான வாடகைக்கு விடுத?"

கடுமையாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் அவன் சொல்லவில்லை. ஊசி போட்ட களைப்பில் இருக்கிறாள், முடி கொட்டின வருத்தத்தில் இருக்கிறாள், இன்றைக்குத்தான் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்வான். தினமும் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்துவிடுவான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவுக்கு இருக்கும் நாள் குறைவு, அதற்குள் உண்மையைச் சொல்லி அந்தப் பாரத்தை இறக்கி வைக்காவிட்டால் அவனால் அப்புறம் வாழ முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் அவன் சொல்வதற்கு முன்பாகவே ஹாஜரா பீவிக்குத் தெரிந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் வேலைக்கு அதே ஷமீம் பானுவைப் போட்டிருந்தார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே, "அந்த முகாமுக்கு ஏம்மா வரல? தெருத்தெருவா என் குரல்தான கேட்டுச்சு" என்று கேட்டிருக்கிறார். "எந்த முகாமு? இந்தத் தெருவுல ஒன் குரல் எப்ப கேட்டுச்சு? கூப்பிடதெல்லாம் என் தம்பிதான்" என்றிருக்கிறார் ஹாஜரா பீவி. அந்த நர்ஸுக்கு ஒன்றும் விளங்காமல், தான் பேசியதை அப்படியே ஒருமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் கிதிர் முகம்மதும் பழம் வாங்கிக்கொண்டு போனோம். முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். தலையில் முக்காடு, அதற்குள்ளே முகம் சின்னதாகிப் போயிருந்தது. என்னை உட்காரச் சொன்னார். அவன் வழக்கம்போல அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க கடையிலதான அந்த நர்ஸ் பொண்ணு பேசிக் குடுத்துச்சு?"

"ஆமாம்மா."

"என்ன பேசுச்சு?"

மைக்செட் போட்டே வயதாகிவிட்டவன் நான். அந்த அம்மாவுக்கு முன்னால் அந்த ஒற்றை வார்த்தை வரவில்லை. "பெண்களுக்கு... நோய் பத்தி..." என்று இழுத்தேன். ஹாஜரா பீவி என்னைக் காக்கவைக்கவில்லை.

"மார்பகத்துல கட்டி. வலி இல்லாட்டாலும் வந்து காட்டணும். அதான?" என்றார். இரண்டு ஆண்களுக்கு முன்னால், கடையில் சாமான் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "இனி எனக்கு என்ன அண்ணாச்சி வெக்கம்?"

கிதிர் முகம்மது குனிந்துகொண்டான். அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. சின்னப் பையனிடம் கணக்குக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மேலகரத்துல அத ஓட விட்டியா?"

"விட்டேங்க்கா."

"இலஞ்சியில?"

"விட்டேன்."

"இங்கன மட்டும் ஏம்ல நிறுத்தின?"

ஜுஹைனா உள்ளேயிருந்து வந்து கதவோரமாக நின்றாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அறைக்குள் மட்டும் கேட்கும் குரலில், "நீ கேட்டுக்கிட்டு இருப்பியேன்னுதான்க்கா" என்றான்.



"நான் கேக்கதுக்குத்தானல அந்த வண்டியே வந்துச்சு" என்றார் ஹாஜரா பீவி.