என் குரல் இல்லாத ஆல்பம்

நான் பாடிய ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் பாட்டே கிடையாது. வெறும் வாத்தியம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவைப்பேன். உள்ளே வயிறு எரிவது எனக்குத்தான் தெரியும்.

அப்போது சைகோனில், பூ மி ஹங் பகுதியில் குடியிருந்தோம். கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை டோங் டு பள்ளிவாசலில் தொழுகை, சனிக்கிழமை மத்தியானம் குழுவோடு ஒத்திகை. பாலம் தாண்டி ஒரு சந்தில் டிரம்ஸ்காரன் வீட்டு மாடிதான் எங்கள் இடம். கிடார்காரன் தகர டப்பாவைக்கூட மைக் முன்னால் உருட்டி, இதுவும் இசைதான் என்று சாதிக்கிற ரகம். இருவரும் உள்ளூர்க்காரர்கள். நான் சொல் எதுவும் இல்லாமல் ஆலாபனை மாதிரி இழுத்துப் பாடுவேன். காரைக்கால் கல்யாண மேடைகளில் பாடித் தேறிய குரல். அவர்களுக்கு அது புதுசு. என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அப்புறம் அவள் வந்தாள். இசைக் கல்லூரியில் டான் பாவ் படித்தவள். ஒரே ஒரு கம்பி, அதை வளைக்க ஓரத்தில் ஒரு குச்சி, அவ்வளவுதான் அந்த வாத்தியம். இதை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். குச்சியை லேசாக அசைத்தாள். கம்பி மனுஷக் குரலில் அழுதது. என் இழுப்பு, என் குழைவு, அச்சு அசல். திருடி என்று மனசுக்குள் பெயர் வைத்தேன்.

எங்கள் குழு தனித்தனியாகப் பதிவு செய்யாது. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்பது டிரம்ஸ்காரனின் பிடிவாதம். சத்தம் மைக்கில் விழும் என்று ஏசியையும் அணைத்துவிடுவான். சட்டை தொப்பலாக நனைய நனைய ஆல்பம் முழுக்கப் பாடி முடித்தேன்.

பிறகு ஒலிகளைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். கம்பி தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கிடார்காரன் என் குரலை மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தினான். நிறுத்தியவன் திரும்பப் போடவில்லை. இசை முடியும்வரை எல்லாரும் கம்பியையே கேட்டுத் தலையாட்டினார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் கிடார்காரன் நடைபாதைக் கடையில் எனக்கு ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

"ஆன்," என்றான். அண்ணன் என்று அர்த்தம். "ஆல்பத்தைப் பாட்டில்லாமலே விடலாமா?"

"தாராளமாக," என்றேன். வீட்டுக்கு வந்து செருப்பை விட்டெறிந்தேன்.

"பொறாமைப்பட உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்றாள் என் மனைவி. "போயும் போயும் ஒரு கம்பி மேலயா?"



சில நாளில் டிரம்ஸ்காரன் கூப்பிட்டான். ஒரு டிராக்கில் சிக்கல். என் மைக்கை நிறுத்திய பிறகும், டிரம்ஸுக்கு வைத்த மைக்கில் என் குரல் போய் விழுந்திருந்தது. ஒரே அறையில் நின்று கத்தினால் வேறென்ன ஆகும். ஆனால் இருந்ததிலேயே அருமையாக அமைந்தது அந்த டிராக்தான். அப்படியே விடட்டுமா, புதிதாக எடுக்கட்டுமா என்று கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்தது. என்னைத் துடைத்தெறிய முடியவில்லை பார்த்தீர்களா.

அவன் மாடிக்குப் போய், ஹெட்போனை மாட்டி அந்த மைக்கை மட்டும் கேட்டேன். தூரத்தில் என் குரலும் இருந்தது, அவள் கம்பியும் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கம்பிதான் முதலில் போனது. நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருந்தேன். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். அப்போதும் அப்படியேதான்.

"புதிதாகவே எடுங்கள்," என்றேன்.

வேண்டாம், அந்தக் குரல் இருக்கட்டும் என்று ஒருத்தனாவது கெஞ்சுவான் என்று பார்த்தேன். கிடார்காரன் தோளைத் தட்டி நன்றி சொன்னான். டிரம்ஸ்காரன் ஏசியை அணைத்தான். அவள் ஏற்கெனவே வந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். மூடிய கதவைத் தாண்டி அது கேட்டது. நான் மூச்சு வாங்கித் தடுக்கிய இடத்தில் கம்பி ஒரே இழுப்பில் போனது. முதலில் எடுத்ததைவிட நன்றாக இருந்தது. கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் அவளை மன்னித்திருப்பேன்.