மழைக்கு ஓட்டெடுத்த கூட்டம்

நீண்ட விவாதத்துக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பின், கூட்டங்களில் இனி பிஸ்கட்டுக்குப் பதிலாக, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வழங்குவதென்று எங்கள் குருபோங் கோயில் நிர்வாகக் குழு ஏகமனதாக முடிவெடுத்தது. செயலாளரான நான் தீர்மானத்தை எழுதி முடிப்பதற்குள் தலைவரின் கைப்பேசி ஒலித்தது. டாக்டர் மங்கை காலமாகிவிட்டார். கறிபாப் வேண்டுமென்று முதலில் கேட்டவர் அவர்தான்.

மங்கை அக்காவுக்கு ஆயர் குரோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கணினிக்குள் மழை பெய்யவைப்பார். பூமி இப்படியே சூடேறினால் நம் வட்டாரத்தில் மழை எப்படியெல்லாம் மாறும் என்று பார்க்கும் ஆராய்ச்சி. கோயிலுக்கு அன்னதான மண்டபம் கட்டத் தீர்மானித்ததும் அவரை அழைத்தோம். ஒரு கட்டு வண்ணப் படங்களோடு வந்தார். ஒவ்வொன்றும் குருபோங்கில் பெய்யக்கூடிய ஒரு மழை. சிலவற்றில் வாசல் மட்டும் நனைந்தது. பலவற்றில் சமையற்கட்டில் முழங்காலளவு தண்ணீர்.

"தரையை உயர்த்திக் கட்டுங்க," என்றார்.

கையிருப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்: உயர்ந்த தரை, அல்லது தலைவர் பெயர் பொறித்த வாசல் வளைவு. எங்கள் குழுவில் எதுவானாலும் கைதூக்கித்தான் முடிவு. ஆகவே படங்களை மேசையில் பரப்பி, எந்த மழை வரவேண்டும் என்று ஓட்டெடுத்தோம். மிகக் குறைவாக நனைந்த படம் பெரும்பான்மையில் வென்றது.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"தலைவரே, மழை நம்ம மெம்பர் இல்லை லா. தீர்மானத்துக்கு எப்படிக் கட்டுப்படும்?"

"அப்ப எது வரும்னு ஒன்னே ஒன்னு சொல்லுங்க டாக்டர்."

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான் இத்தனை படம். சரி, தோத்துப்போன மழை வந்தா சோத்துப் பானையை யார் தூக்குறது? அதுக்கும் கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. தலைவர் தம் இடுப்பைத் தடவிக்கொண்டார். வளைவு ஒத்திவைக்கப்பட்டது. அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி, "தரை ஆச்சு. அடுத்தது கறிபாப்," என்றார்.

அவரை அறிந்து, இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நினைவிருக்கும்: 'தெரியாது' என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன படித்தவர் வேறு யாருமில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல். கூட்டங்களில் பயன்படுத்துகிறேன். சீக்கிரம் முடிகின்றன.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்தன்று விடியலிலிருந்து மழை. கார் நிறுத்துமிடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. உயர்த்திக் கட்டிய மண்டபத்தில் சோறு வழக்கமான நேரத்துக்குப் பரிமாறப்பட்டது.