கறுப்பியின் சனிக்கிழமை

எங்கள் கறுப்பிக்குச் சினை பிடிக்கவில்லை. ஊரே அதை மலட்டுப் பன்றி என்றது. நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. நைனா தீர்மானமாகச் சொல்லிவிட்டிருந்தார்.

"இந்தத் தபா புடிக்கலன்னா கறிக்கடைதான். சும்மா துன்னுக்கினு கெடக்கறதுக்கு எதுக்குப் பன்னி?"

மலடு என்ற அதே வார்த்தையை எங்கள் வீட்டில் இன்னொருத்தியும் சுமந்துகொண்டிருந்தாள், நைனாவின் தங்கை, என் அத்தை. குழந்தையில்லை என்று மாமியார் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். தடாவில் லாரி ஓட்டும் மாமா, லோடு இல்லாத நாளாகப் பார்த்து வந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். அவருக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு. கறுப்பிக்குக் கஞ்சி ஊற்றுவது அத்தைதான். நைனா கறிக்கடை என்றதும் குண்டானும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் பன்றிகளின் பருவத்தை ஆராய்ச்சி செய்வதற்காகத் திருப்பதியிலிருந்து ஒரு மாட்டு டாக்டரம்மா ஸ்கேன் பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கறுப்பியின் வயிற்றில் பசையைத் தடவிப் பார்த்தார். அத்தை அதன் காதைச் சொறிந்துகொடுத்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம்!

"கறுப்பா உருண்டையா தெரியுது பாருங்க, சினைமுட்டை. பாகுந்தி, நல்லாவே இருக்கு," என்றார்.

சனிக்கிழமை உருண்டைகள் இன்னும் பெருத்திருந்தன. ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் ஒன்றையும் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது.

"முட்டை வெளிய வந்தாச்சு. ஆண் பன்னிகிட்ட எப்போ ஓட்டினு போவீங்க?"

"நாளைக்குத்தான் மேடம்," என்றார் நைனா. "சனிக்கிழம பெருமாள் நாளு, பன்னிக்காரரு ஒத்துக்கமாட்டாரு. ஞாயித்துக்கிழம அவருக்குக் கறிக்கடை. எப்பவும் திங்கக்கிழமதான். இதுதான் கிட்டவே சேக்கமாட்டேங்குது."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பன்றிக்குப் பருவம் வருவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதனால் கறுப்பிக்குச் சேர வேண்டிய நாள் ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமையாகவே வாய்த்திருக்கிறது. திங்கட்கிழமை போனால் எல்லாம் முடிந்திருக்கும்.

"பன்னிமேல ஒரு தப்பும் இல்ல. நீங்க போற நாளுதான் தப்பு."

"ஒரு தப்பும் இல்லியா?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பன்றி பிழைத்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்து, நைனா பெருமாளுக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டார். பன்றிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமையே கறுப்பியை ஓட்டிக்கொண்டு போனார். அதே காலையில் அத்தை இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் தடாவுக்குக் கிளம்பினாள்.

"அவரு வர்ற நாளுக்குக் காத்துக்கினு இருந்தது போதும்," என்றாள்.

கறுப்பிக்கு முக்கியமான நாளில் இப்படி விட்டுவிட்டுப் போகிறாளே! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கஞ்சி யாரு ஊத்தறது?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். "நீ ஊத்துடி," என்று பஸ் ஏறிவிட்டாள்.

கறுப்பி குட்டிகள் போட்டபோது ஊரே வந்து பார்த்தது. அத்தை மட்டும் வரவில்லை. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று மாமா அனுப்பவில்லையாம். பஸ் என்றால் குலுங்கத்தான் செய்யும், இதெல்லாம் ஒரு சாக்கா என்று நான் அவள்மேல் ரொம்ப நாள் கோபமாகவே இருந்தேன்.