இரண்டு அட்டவணைக்கு ஒரே கையெழுத்து

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம் துணி வெளுத்தவள், முப்பத்தொன்பதாவது வயதில் மேல்நிலை உயிரியல் வகுப்பில் சேர்ந்தாள். அதே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலி. உயிரியல் தேறியிருக்க வேண்டும், நாற்பது தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த வருடத்துப் பரீட்சை ஒன்றுதான்.

மைட்டோகாண்ட்ரியா வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. செல்லின் படத்தைச் சலவை இயந்திரத்தில் ஒட்டிவைத்து, துணி சுழலும் நாற்பது நிமிடமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

செய்முறை வகுப்பில் எச்சில் சோதனை வந்தது. எச்சில் விட்ட குழாயை உடல் சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைத்து, மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு சொட்டாக அயோடினில் விட வேண்டும். எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிட்டால் நீலம் வராது, அயோடினின் பழுப்பே நிற்கும். ஒன்பது மேசைக்கு நாலே வெப்பமானி.

"அது எதுக்கு?" என்று நீரில் விரலை நனைத்தாள். "வெதுவெதுன்னு சரியா இருக்கு."

பத்தாவது சொட்டும் நீலம்.

"பழுப்புன்னு எழுதிடுங்கக்கா. புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?" என்றாள் உடன் படிக்கும் பெண்.

"நாளைக்கு ரத்தத்தைப் பார்த்தும் இப்படித்தான் எழுதச் சொல்வியா?"

அதற்குள் வெப்பமானி கைக்கு வந்தது. அறுபத்துமூன்று டிகிரி காட்டியது.

"அடேயப்பா! அது விரலா, இடுக்கியா?" என்றாள் அந்தப் பெண்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கறை நீக்கும் பொடியைக் கொதிநீரில் போட்டால் வேலை செய்யாது என்று புது ஆட்களுக்குச் சொல்லித்தருபவளே அவள்தான். பொடியில் இருப்பதும் நொதிதான்; எச்சிலின் நொதியையும் சுடுநீர் கெடுத்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் விரலுக்குச் சூடு தெரியாமல் போயிருந்தது. நீலச் சொட்டுகளின் அட்டவணையோடு இந்த இரண்டு காரணத்தையும் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தாள்.

டீச்சர் பேனாவை மூடினார். "முடிவு வரலையேம்மா. எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பதிவேட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

"கால் மணி நேரம் குடுங்க டீச்சர்."

முப்பத்தேழு வரும்வரை பச்சைத்தண்ணீர் ஊற்றி, புது எச்சிலோடு மறுபடி தொடங்கினாள். ஆறாவது சொட்டு பழுப்பாகவே நின்றது. அந்த அட்டவணையை அடுத்த பக்கத்தில் எழுதினாள்.

"சரி, அந்த முதல் பக்கத்தைக் கிழிச்சிடுங்க."

"அதுவும் நடந்ததுதானே டீச்சர்."

டீச்சர் மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு இரண்டு அட்டவணைக்கும் கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரீட்சையில் நூற்றுக்கு அறுபத்தெட்டு. நாற்பது முடிய பத்தொன்பது நாள் இருக்கையில் வேலையில் சேர்ந்தாள்.