பதினைந்தாவது கிணறு

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகப் பதிப்பகம் தொடங்கியிருக்கிறார்களாம், பழைய தொகுப்புகளைத் தேடிப் பிடித்து மறுபதிப்பு போடுகிறார்களாம். "சார், உங்க 'பதினைந்து கிணறுகள்' கெடைச்சுதுங்க. பதினாலு எழுத்தாளர்கிட்ட அனுமதி வாங்கியாச்சு. கடைசிக் கதை எழுதுன கேணியன் யாருன்னுதான் தெரியலீங்க. நெம்ப நல்ல கதை சார், அதுதான் தொகுப்புலயே டாப்பு."

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? கேணியன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, மாலை டீக்குள் எழுதி முடித்த கதை அது. ஏன் எழுதினேன் என்பதை இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

போனை வைத்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். திறந்தால் அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் மெல்லிதாக அச்சு மை. எனக்கு அந்த மை வாசனை வந்தால் கூடவே தேங்காய் பன் வாசனையும் வந்துவிடும், ஏனென்றால் ரஹீம் பாயின் அச்சகத்துக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. பழைய கோயம்புத்தூரின் அந்தக் குறுகிய தெருவில் மாடிப்படி ஏறும்போதே நாக்கு ஊறும். புரூப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், பாதி நேரம் பன் தின்றுகொண்டிருப்பேன். நான் திருத்திய பக்கங்களில் எண்ணெய்க் கறை இருக்கும். பாய் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பசியோட பாத்ததுங்களா?" என்பார்.

அப்போது நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். கிணற்றை உறிஞ்சிக் காலி செய்கிற சாமானை எண்ணி அடுக்கிவிட்டு, மாலையில் கிணறுகள் வற்றுவதைப் பற்றிக் கண்ணீர் விடுகிற இலக்கியவாதியாக மாறிவிடுவேன். இந்த முரண்பாடு அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நானும் இரண்டு நண்பர்களும் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து போட்ட திட்டம்தான் அந்தத் தொகுப்பு. கொங்கு மண்ணின் கிணறுகளை வைத்து மட்டும் கதைகள். நீச்சல் பழகிய கிணறு, பங்காளிச் சண்டையில் இரண்டாகப் பிரித்த கிணறு, மழைக்கு இடிந்த கிணறு என்று ஆளுக்கு ஒன்று. பல ஊர்களுக்கும் கடிதம் போட்டோம். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரே ஆள் ஏழு கதை அனுப்பினார். ஏழிலும் பேய் வந்தது.

பூங்கொடி தபாலில் அனுப்பவில்லை, நேரில் வந்தாள். சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள், இருபத்திரண்டு வயதிருக்கும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லீங்" என்று நின்றுகொண்டே பேசினாள்.

"வேற காப்பி எங்கிட்ட இல்லீங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கறேன். கதையில வர்ற பேரை மட்டும் மாத்திப்போடாதீங்க. ருக்குமணி என்ர அக்கா."

கதை இதுதான். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்தக் குடும்பமே கூலி வேலை செய்தது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. மழைக்காலத்தில் விளிம்பு வழுக்குகிறது, நாலு வரி கல் வைத்துக் கொடுங்கள் என்று அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சொந்தக்காரரிடம் இரண்டு முறை கேட்டார்கள். ஒருநாள் களையெடுப்பவர்களுக்குத் தண்ணீர் சேந்தப் போன ருக்குமணி வழுக்கி உள்ளே விழுந்தாள். சுவர் இல்லாததுதான் காரணம் என்றால் தோட்டக்காரருக்குச் சங்கடம் அல்லவா? அவளாகவே குதித்துவிட்டாள் என்று பேச்சு கிளப்பிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண் தானாகக் குதித்தாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் தங்கையும் சூலூருக்கு வந்தார்கள்.

தோட்டக்காரர் பெயரைக் கதையில் அவள் எழுதவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்து முடித்ததும் தொகுப்பின் முதல் கதை இதுதான் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அவளுக்கு எழுதினேன். அவளிடமிருந்து கார்டு வந்தது. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் வந்ததும் நான் படித்துக் காட்டுவேன். அச்சில் வந்தால் ஊர் நம்பும் என்று சொல்கிறார்கள்."

அச்சில் வந்தால் ஊர் நம்பும். அந்தக் கார்டும் இதே பெட்டியில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் செலவை ஏற்றுக்கொள்கிறாரோ அவரிடம் அணிந்துரை வாங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு மில்காரர். டவுனில் ஸ்பின்னிங் மில்லும் வெளியே தோட்டங்களும் உள்ளவர். தமிழ் மேல் உண்மையாகவே பிரியம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மேலட்டையைச் சிவகாசியில் முன்கூட்டியே அடித்து வாங்கிவிட்டோம், பெரிய எழுத்தில் 'பதினைந்து கிணறுகள்' என்று. புரூப் முழுவதையும் அணிந்துரைக்காக அவரிடம் கொடுத்தோம். பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

இளநீர் கொடுத்தார்கள். அவர் புரூப் கட்டை மெதுவாகத் தட்டிச் சரிசெய்தபடியே பேசினார்.

"எல்லாம் அருமைங்க தம்பி. இந்த முதல் கதை ஒண்ணுதான்… அந்தப் புள்ளை நம்ம தோட்டத்துல வேலை செஞ்சதுதானுங்க. அதுவா உளுந்துபோட்டுது, பாவம். பழைய சங்கதி இப்ப எதுக்குங்க? அடுத்த புஸ்தகத்துல பாக்கலாமுங்களே."

குரல் உயரவில்லை. மிரட்டல் இல்லை. இன்னொரு இளநீர் வெட்டச் சொல்லவா என்றுகூடக் கேட்டார். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். பயந்து சொன்னதாக இருந்தாலாவது என்னை மன்னித்திருப்பேன். மரியாதைக்காகச் சொன்னேன்.

கதை போனது. ஆனால் அட்டையில் பதினைந்து என்று இருந்தது. அதனால்தான் கேணியன் பிறந்தான். பம்பு மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிடும் ஒரு கிழவரைப் பற்றி ஏதோ எழுதிக் கடைசியில் சேர்த்தேன். பின்னால் வந்த மதிப்புரைகள் இரண்டிலும் அந்தக் கதையைத்தான் பாராட்டியிருந்தார்கள். வெட்கமில்லாமல் அவற்றை வெட்டி ஒட்டியும் வைத்தேன்.

பூங்கொடிக்குச் சொல்லியிருக்க வேண்டும். கார்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். எப்படி ஆரம்பித்தாலும் வரி கசந்தது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று வெளியீட்டு நாளே வந்துவிட்டது.

அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சூலூர் உறம்பரை, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூட வந்தார்கள், எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, ருக்கு பேரு எந்தப் பக்கத்துல இருக்குது? தொட்டுப் பாக்கோணும்" என்றார். மேடையில் மில்காரர் இருந்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். பழைய பழக்கம். அவரும் திரும்பக் கும்பிட்டார்.

பூங்கொடி பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்ர கதையக் காணமுங்க."

அவள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். "பிரஸ்ஸுல காயிதம் தொலைஞ்சுபோச்சுங்க அம்மணி. கடைசி நேரத்துல எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியல."

பக்கத்தில் புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த ரஹீம் பாய் நிமிர்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்றாள். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளிடம், "தேடறேம்மா" என்றார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு பாய் என்னிடம் வந்தார். "என்ர அத்தா காலத்துல இருந்து அந்த பிரஸ்ஸுல ஒரு துண்டுக் காயிதம் தொலைஞ்சதில்லீங்க. அங்கியே இல்லைன்னு சொல்லியிருப்பேன். அத்தனை பேருக்கு முன்னால உங்க மூஞ்சி என்ன ஆகும்னு உட்டுட்டேன்." மறுநாள் அவள் கையெழுத்துத் தாள்களை ஒரு பைலில் போட்டு, கயிறு கட்டி, கம்பெனி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் வேலை எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கையில் கதை இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தொலைந்துபோனது என்று சொன்ன பொருளை எப்படிக் கொடுப்பது? எங்கே கிடைத்தது என்று கேட்டால் இன்னொரு பொய் வேண்டும். அவள் இரண்டு கார்டு போட்டாள். முதலாவதில், கிடைத்ததா என்று கேட்டிருந்தாள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். இரண்டாவதில், மறுபடி எழுதிப் பார்த்தேன், வேறு மாதிரி வருகிறது, அக்கா வரவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் பதில் போடவில்லை.

பதிப்பகத்துப் பெண் பேசிய மூன்றாம் நாள் பைலை எடுத்துக்கொண்டு சூலூர் பஸ் ஏறினேன். பழைய முகவரியில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பூங்கொடிக்கு முன்தலை நரைத்துவிட்டது. வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் பைலை நீட்டினேன்.

கயிற்றை அவிழ்த்தாள். தன் எழுத்தைப் பார்த்தாள். ஒரு தாளைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள்.

"தொலையவே இல்லீங்களா?"

"இல்லைங்க" என்றேன். மில்காரர் வீட்டில் நடந்ததையும் பாயின் மேல் பழி போட்டதையும் சொன்னேன். ஒரு வசவாவது விழும் என்று காத்திருந்தேன், வாங்கிக்கொண்டு போகத்தானே வந்தேன். அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா போயி நாலு வருசமாச்சுங்க. கடைசியா ஆசுபத்திரியில இருக்கறப்பக்கூடக் கேட்டுது, பிரஸ்ஸுல தேடிப் பாத்தாங்களான்னு. தேடீட்டு இருக்காங்கம்மான்னு நானும் சொல்லிபோட்டேன்."

மறுபதிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி நாராசமாக ஒலித்தது. "போட்டாப் போடுங்க. எனக்கு இனிப் படிச்சுக் காட்டறதுக்கு ஆளில்லீங்க" என்று சொல்லிவிட்டு, தாள்களை அடுக்கி அதே கயிற்றால் கட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. உக்கடத்தில் பஸ் மாறிக் கிணத்துக்கடவு போனேன். தோட்டத்தை வீட்டு மனையாகப் போட்டுவிட்டார்கள். கிணற்றை மூடி அதன்மேல் தார் ரோடு போகிறது. மில்லும் இல்லை, மில்காரரும் இல்லை. பாய் இறந்த செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அச்சகம் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள், கீழே பேக்கரியும் இல்லை. எல்லாம் போய்விட்டது. தொலைந்ததாக நான் சொன்ன அந்தத் தாள்கள் மட்டும் ஓர் எழுத்துகூட அழியாமல் என் மடியில் இருந்தன.

பதிப்பகத்துப் பெண்ணுக்கு நேற்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். கேணியனை எடுத்துவிட்டு பூங்கொடியின் கதையை முதலில் போடு என்று எழுதினேன். போடுவார்களோ, இவர்களுக்கும் அணிந்துரை எழுதித் தர ஒருவர் இருப்பாரோ, தெரியாது. அதனால் இங்கே நானே எழுதிவிடுகிறேன். கேட்டிருக்க வேண்டியவர் போன பிறகு எழுதுகிறேன். ருக்குமணி குதிக்கவில்லை. தண்ணீர் சேந்தப் போனாள், கால் வழுக்கியது. அந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை.