மலையேறாமல் ஒரு திருப்பதிப் பயணம்: நுண்ணலைக் குழாயோடு

போன மாதம் திருப்பதி போனேன். சாமி கும்பிட அல்ல. எங்கள் சிறிய நிறுவனம் செய்த நுண்ணலைப் பெருக்கிக் குழாயை அங்குள்ள ஓர் ஆய்வகத்தில் ஓட்டிக் காட்ட. வானிலை ரேடாருக்கான குழாய் அது. இப்போது வெளிநாட்டுக் குழாயை வரவழைப்பது எளிது. எங்களுடையது தோற்றால் அதைத்தான் வாங்குவார்கள். நிறுவனமும் எங்கள் பிரிவை மூடிவிடும்.

எங்கள் ஊரான சித்தூரில் வாடகைக் கார் எடுத்தேன். திருப்பதி அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். ஓட்டுநர் ஏழுமலை குடிபாலாக்காரர். குழாய் இருந்த பெட்டியை நான் மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, "உள்ள இன்னா மேடம், கண்ணாடியா?" என்றார்.

கண்ணாடி என்றால் பரவாயில்லை. இந்தக் குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை ஒரு மெல்லிய கம்பிச்சுருளின் நடுவே பாயும். சுற்றியுள்ள காந்த வளையங்கள்தான் அதை ஒல்லியாகப் பிடித்து வைக்கின்றன. கற்றை கம்பியில் பட்டால் கம்பி உருகிவிடும்.

புத்தலப்பட்டு தாண்டியதும் ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. ஏழுமலை அடித்த பிரேக்கில் பெட்டி முன் இருக்கையில் போய் மோதியது.

"பாக்காம வந்துக்கினே இருக்கான் மேடம்! திரும்பிடலாமா?"

"வேண்டாம், போங்க."

வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே என்ன ஆனது என்பது ஓட்டினால்தான் தெரியும். பாகாலாவும் சந்திரகிரியும் கடந்தது நினைவில் இல்லை.

ஆய்வகத்தில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினேன். பாதியிலேயே கம்பியில் பாயும் மின்னோட்டம் எகிறியது; கற்றை கம்பியில் படுகிறது என்று அர்த்தம். சட்டென்று அணைத்தேன்.

"பர்வாலேதும்மா, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, தானா அடங்கும்" என்றார் பொறுப்பாளர் சுதாகர்.

"ஏத்துனா குழாயே போயிடும் சார்."

"அப்போ வழியிலயே கெட்டுப்போச்சுன்னு எழுதிடட்டுமா?"

அந்த டிராக்டர்தான் கண்முன் நின்றது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கையில் துரு ஒட்டியது. இரும்பு! எங்கள் ஊரில் அலுமினிய மேசையில்தான் சோதிப்போம். இங்கே இந்த இரும்பே காந்தப்புலத்தை இழுத்துக் கற்றையை வளைத்திருக்கலாம்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

தடித்த அலுமினியக் கட்டைகளை அடுக்கி, குழாயை அதன்மேல் உயர்த்திப் பொருத்தினேன். மறுபடி ஏற்றினேன். கம்பி மின்னோட்டத்தைக் காட்டும் முள் அசையவில்லை. முழு அழுத்தத்தில், நாங்கள் சொன்ன திறன் அப்படியே வந்தது. மாலைவரை ஓடவிட்டோம். சுதாகர் கைகொடுத்து, "இன்னும் மூணு வேணும்மா" என்றார்.

இப்படிக் கருவி கொண்டு போகிறவர்களுக்கு: விடியலில் கிளம்பினால் சாலையில் நெரிசல் குறைவு. பெட்டிக்குள் நுரைப்பஞ்சு இரண்டு மடங்கு வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் மேசையைத் தொட்டுப் பாருங்கள்.

ஆய்வக வாசலிலிருந்து பிரகாஷுக்குப் போன் செய்தேன். குழாய்க்குள் கற்றையைப் பாய்ச்சும் எலெக்ட்ரான் துப்பாக்கியைச் செய்தவன் அவன். எங்களில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது.

"மூணு கேக்கறாங்க பிரகாஷ்."

"டிக்கெட் போட்டாச்சு" என்றான். பிறகு, "நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடு. மூணையும் நீ செய். நான் பக்கத்துல நிக்கிறேன்."