பின்னல் ஓரத்துப் பற்றிஸ்

பிலோமினா அக்காவின் தொலைபேசி வந்தபோது நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, இவர் விடிய மோசம் போயிட்டார்," என்றார். அவருடைய கணவர் மரியநாயகத்துக்கும் எனக்கும் மூன்று வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சாவுச் செய்தி சொல்ல எனக்கு எடுத்திருந்தார். "வாறன் அக்கா," என்று சொல்லி வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செய்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் அக்காதான். "நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது அக்கா," என்றேன். "உள்ளதை எழுதும். அவரும் உள்ளதைத்தான் விரும்புவார்," என்றார். அவர் உள்ளதை விரும்பிய மனிதரா என்பதை, அவரோடு பழகிய நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.

எண்பத்து மூன்றின் கடைசியில் நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். அந்த வருடம் ஊரில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன ஆமிக்காரர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கு வரும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். என்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கதிரைத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கைகளுக்குப் பஞ்சு வெட்டியவர் மரியண்ணை. மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பாணும் வாழைப்பழமும் தின்று காலம் தள்ளுவதை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தேன். "உம்மட தம்பி வரேக்க நீர் இருக்க வேணுமெல்லே," என்று சொல்லித் தூக்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிய, சென் கிளேயர் வீதியில் இருந்த எல்சாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்சா ஆர்ஜென்ரீனாக்காரி. ஆறே மேசைகள். வெளியே பனி கொட்ட, உள்ளே அடுப்புச் சூட்டில் கண்ணாடி முழுக்கப் புகார் பிடித்து மங்கிப்போயிருக்கும். சுவரில் எல்சாவின் அண்ணனின் படம் இருந்தது. அவரையும் அங்கே ஆமிக்காரர் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. மரியண்ணை தன் அரைகுறை ஆங்கிலத்தில் என் தம்பியின் கதையைச் சொன்னார். அவள் தன் அரைகுறை ஆங்கிலத்தில் அண்ணனின் கதையைச் சொன்னாள். நான் நடுவில் இருந்து அழுதேன். "முதல்ல சாப்பிடும், பிறகு கவலைப்படும்," என்றார் மரியண்ணை. அவர் வாயில் அடிக்கடி வருகிற வசனம் அது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

வந்தது எம்பனாடா, மாவை அரைவட்டமாக மடித்து உள்ளே கறி வைத்தது. எங்கள் பற்றிஸின் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஓரத்து மடிப்பைப் பார்த்துச் சொல்லலாம். பின்னல் போட்டிருந்தால் கீரை, முள்ளுக்கரண்டியால் அழுத்தியிருந்தால் இறைச்சி. "பின்னல் எல்லாம் உமக்கு, சுத்த சைவம்," என்று என் பக்கம் தட்டைத் தள்ளினார். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல், ஒவ்வொரு வெள்ளியும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் கடித்தேன். அவ்வளவு கவனம். உடம்பு தேறியது. காற்சட்டைக்குக் கயிறு கட்டுவதை விட்டேன்.

எண்பத்தாறில் ஆர்ஜென்ரீனா உலகக் கிண்ணம் வென்ற ஞாயிறு பிற்பகல் கடை அல்லோலகல்லோலப்பட்டது. சந்தோசத்தில் எல்சா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், உனக்கும் பழக்கிவிடுகிறேன் என்று மாப் பிசையத் தொடங்கினாள். ஒரு தகரப் பேணியில் இருந்து வெள்ளையாக ஏதோ கிள்ளிப் போட்டாள். பட்டரா என்று கேட்டேன். மாட்டுக் கொழுப்பு என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் நாளே உன் நண்பரிடம் சொன்னேனே. இறைச்சிதான் கூடாது, கொழுப்பு பரவாயில்லை என்றாரே," என்றாள்.

நேர்த்தி இல்லாத நாளிலும் மாடு தொடாத வீடு எங்களுடையது. வெளியே வந்து, "அண்ணை, தெரியுமோ?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"ஓம், தெரியும். நீர் செத்துக்கொண்டிருந்தனீர். நான் என்ன செய்யிறது?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் திண்டிருக்க மாட்டீர்."

"அதை நானெல்லோ முடிவெடுக்க வேணும். என்ர தம்பி அண்ணை அவன்."

சுற்றிவர எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வெளிக்கிட்டு வந்தவன்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தொழிற்சாலையையும் மாற்றிக்கொண்டு மல்வேர்ன் பக்கம் போய்விட்டேன். என் பட்டினியால் சிறைக் கதவு திறக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தம்பியைப் பற்றி ஒரு சேதியும் வராத ஒவ்வொரு மாதமும் எனக்கு அந்தத் தகரப் பேணிதான் ஞாபகம் வந்தது. நான் நம்பிய ஒரே ஆள் எனக்கு இப்படிச் செய்தார்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். "உமக்குத் தெரியாது. நீர் கோவிச்சுக்கொண்டு போன நாளிலயிருந்து இவர் மச்சம் தொடேல்லை. ஆட்டிறைச்சியெண்டால் உயிரை விடுற மனிசன், நத்தார்ப் பண்டிகைக்கும் பருப்பும் சோறும்தான். கேட்டால், உம்மட தம்பி வரட்டும் எண்டுவார்."

அடுத்த வெள்ளி எல்சாவின் கடைக்குப் போனேன். அவள் பின்னல் ஓரத்தோடு இரண்டு எம்பனாடா கொண்டுவந்து வைத்தாள். "மூன்று வருடமாக உன் நண்பருக்கு எண்ணெயில்தான் மாப் பிசைந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்," என்றாள்.

என்னைக் கேட்காமல் என் நேர்த்தியை உடைத்தீர்கள், மரியண்ணை. என்னைக் கேட்காமலே அதை எடுத்துச் சுமந்தீர்கள். ஒரு தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தால் இந்த மூன்று வருடமும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டிருப்போம். முதலாவதை மன்னித்தாலும் மன்னிப்பேன், சொல்லாமல் விட்டதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த விரதம். தம்பி இன்னும் வரவில்லை. இனி இரண்டு பேருக்குமாக நான் பிடிக்கிறேன்.